நடுவில் ஆளில்லாத வியாபாரம்

முப்பது சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், அதே உயரம். தூக்கிப் பார்த்தால் முந்நூறு கிராம் தேறாத பனையோலைப் பெட்டி. தூத்துக்குடிக் கடற்கரையில் மணப்பாட்டுப் பக்கம் பெண்கள் முடைவது. சென்னையிலிருந்து யாரோ கேட்டார்கள் என்று கூரியர் கடைக்கு அதைக் கொண்டுபோனால், கடைக்காரர் தராசில் வைப்பதற்கு முன்னால் அளவு டேப்பை எடுப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 27,000. கூரியர் வழக்கப்படி அதை 5,000 ஆல் வகுத்தால் 5.4. முந்நூறு கிராம் பெட்டிக்கு ஐந்து கிலோ நானூறு கிராமுக்கான கூலி கேட்பார்கள். பெட்டியின் விலையைவிட உள்ளே இருக்கும் காற்றை ஏற்றி அனுப்பும் செலவு அதிகமாகிவிடும்.

முடைகிறவர்களுக்கு இது ஒருமுறை சொன்னால் போதும். பெரிய பெட்டிக்குள் நடுப்பெட்டி, அதற்குள் சின்னப்பெட்டி என்று அடுக்கி, மூன்றும் சேர்ந்து ஒரு செட் என்று விலை போடலாம். அல்லது உள்ளே கருப்பட்டியை நிரப்பி, பெட்டியைக் கருப்பட்டியோடு சேர்த்து விற்கலாம். போனில் படம் பார்த்து வாங்குகிறவருக்கு, அழகுக்காக அடுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றும். அளவு டேப்புக்குப் பயந்து அடுக்கியது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கையில் போன் வந்த பிறகு ஊருக்கும் நகரத்துக்கும் இடையிலிருந்த தூரம் ஒழிந்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். கிராமத்து வீட்டிலிருந்து பொருள் அனுப்புகிற யாரிடமும் அப்படிச் சொல்லிப் பார்க்கலாம், சிரிப்பார்கள். ஆர்டர் நொடியில் வருகிறது, பணமும் நொடியில் வருகிறது. பொருள் மட்டும் பழையபடி பஸ் ஏறி, லாரி ஏறித்தான் போகிறது. அந்த இடைவெளிக்குள் ஐயம், காத்திருப்பு, உடைசல், திரும்பி வருதல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இதையெல்லாம் யாரோ ஒருவர் தலையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்தத் தலை யாருடையது என்பதில்தான் காலத்துக்குக் காலம் மாற்றம்.

இப்போது நடப்பதற்கு ஒரு நாள் குறிக்க வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டைச் சொல்லலாம். அந்த ஆண்டுதான் யுபிஐ வந்தது. செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய், போனில் பணம் அனுப்பத் தெரியாதவர்களும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. 2020 ஊரடங்கு மிச்சத்தைச் செய்தது. கடை திறக்க முடியாதவர்கள், வேலை போனவர்கள், வேலைக்குப் போக வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏதோ ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். மசாலாப் பொடி, மரச்செக்கு எண்ணெய், சத்துமாவு, நைட்டி, கவரிங் நகை, ஆரி எம்பிராய்டரி பிளவுஸ், நாட்டுவிதை. பெரும்பாலும் பெண்கள்.

கிராமத்திலிருந்து தொழில் என்றதும் பத்திரிகைகள் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு ஓடுவது வழக்கம். ஸ்ரீதர் வேம்பு அங்கே குடியேறியதும் ஜோஹோ அலுவலகம் நடப்பதும் நல்ல செய்திதான். ஆனால் அது கிராமத்தில் இருக்கும் அலுவலகம். சம்பளம் உண்டு, ஷிப்ட் உண்டு, மாலையில் வீட்டுக்குப் போகலாம். இந்தக் கட்டுரை பேசுகிறவர்களுக்குக் கடை, கிடங்கு, அலுவலகம் எல்லாமே வீடுதான். சாயங்காலம் கிளம்பிப் போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

முகம் தெரியாதவரிடம் தூரத்திலிருந்து பொருள் வாங்குவது ஏதோ இன்றைக்கு முளைத்தது போலப் பேசுகிறோம். இந்தியத் தபால்துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது 1877இல். விற்பவர் பார்சலைத் தபாலில் சேர்ப்பார். தபால்காரர் வாங்குபவர் வீட்டு வாசலில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். பணம் மணியார்டராக விற்பவருக்குப் போய்ச் சேரும். மணியார்டர் வேலையைத் தபால்துறை கையில் எடுத்தது 1880இல். இந்த இரண்டும் சேர்ந்ததும் மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு கம்பெனி, ரயில் போகாத ஊரில் உள்ளவருக்குக் கடிகாரமும் கூந்தல் தைலமும் விற்க முடிந்தது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால் வி.பி.பி. என்ற மூன்றெழுத்து கண்ணில் படாமல் தப்பாது. திருத்துறைப்பூண்டிக்காரரான எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்பு நடத்தியது விளம்பர ஏஜென்சியும் தபால்வழி வியாபாரமும்தான். தமிழின் புகழ்பெற்ற வாரப் பத்திரிகையும் ஜெமினி ஸ்டூடியோவும் பார்சல் கட்டியவரின் கையிலிருந்து வந்தவை என்பதை நம் சினிமா வரலாற்றுக்காரர்கள் ஏனோ ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

வி.பி.பி.யின் சூட்சுமம் பார்சலில் இல்லை, தபால்காரரிடம் இருந்தது. விற்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது. வாங்குபவருக்கு விற்பவரைத் தெரியாது. இருவருக்கும் தபால்காரரைத் தெரியும். பார்சல் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். தபால் செலவு விற்பவருக்கு நஷ்டம், அவ்வளவுதான். பொருள் பத்திரமாகக் கைக்கு வந்துவிடும்.

சீனாவில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கிடைத்தது. ஜியாங்சு மாகாணத்தில் சுயினிங் மாவட்டம், ஷாஜி நகரத்தையொட்டி தோங்ஃபெங் என்ற கிராமம். பழைய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி உருக்கி விற்றுப் பிழைத்த ஊர். சுன் ஹான் என்ற இளைஞர் ஊர் திரும்பி, 2006இல் அலிபாபாவின் தாவ்பாவ் இணையச் சந்தையில் கடை போட்டார். பிறகு ஷாங்காயில் ஐக்கியா கடையின் எளிய மரச்சாமான்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஊர்த் தச்சர்களை வைத்துச் செய்து விற்றார். அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள், அவர்களும் செய்தார்கள். ஊரே மரச்சாமான் ஊராயிற்று. ஆண்டுக்கு 1 கோடி யுவான் இணைய விற்பனையும், நூறு கடைகளோ பத்து வீட்டுக்கு ஒரு கடையோ இருந்தால் அதைத் ‘தாவ்பாவ் கிராமம்’ என்று அலிபாபாவின் ஆய்வுப் பிரிவு கணக்கில் எடுத்துக்கொண்டது. 2009இல் அப்படி மூன்று கிராமங்கள் இருந்தன. 2022இல் 7,780.

இந்த வளர்ச்சிக்கு அரசு போட்ட சாலையைக் காரணம் சொல்வார்கள், சீனர்களின் உழைப்பைச் சொல்வார்கள். அவை இருக்கட்டும். 2003இல் தாவ்பாவுடன் கூடவே வந்த அலிபேயைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வாங்குபவர் கட்டும் பணம் விற்பவருக்கு நேராகப் போகாது. அலிபேயிடம் நிற்கும். பொருள் கைக்கு வந்து, சரியாக இருக்கிறது என்று வாங்குபவர் சொன்ன பிறகுதான் விற்பவருக்குப் போகும். தபால்காரர் நின்ற இடத்தில் ஒரு மென்பொருள் நின்றது. தோங்ஃபெங்கின் தச்சரை நம்ப வேண்டிய அவசியம் பெய்ஜிங்கில் இருப்பவருக்கு ஏற்படவே இல்லை.

நம் யுபிஐ இதற்கு நேர் எதிர். அதன் பெருமையே அதுதான். நடுவில் யாரும் பணத்தை வைத்துக்கொள்வதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு உடனே போய்விடுகிறது, கட்டணம் கிடையாது. டீக்கடையில் டீ குடித்துவிட்டுப் பணம் அனுப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. டீ ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டது. ஆனால் விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓசூருக்குச் சேலை விற்கும்போது பணம் நொடியில் வந்துவிடுகிறது, சேலை நான்கு நாள் கழித்துப் போகிறது. அந்த நான்கு நாளுக்கு இருவருக்கும் நடுவில் ஆளே இல்லை.

பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தரும் வசதி இங்கேயும் இல்லாமலில்லை. ஃபிளிப்கார்ட் 2010இல் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்ததும் இந்தியர்கள் இணையத்தில் வாங்கத் துணிந்ததும் ஒன்றையொன்று தொட்டு நடந்தவை. அது வி.பி.பி.யின் பேரப்பிள்ளை. ஆனால் வீட்டிலிருந்து விற்கும் பெண்களின் பேஜ்களில் முதல் வரியிலேயே ‘நோ சிஓடி’ என்று எழுதியிருக்கும். காரணம் எளிது. வாசலில் வந்த பார்சலை வேண்டாமென்று சொல்ல வாங்குபவருக்கு ஒரு காசும் செலவில்லை. போன கூலி, திரும்பி வந்த கூலி இரண்டும் விற்பவர் தலையில். அறுபது ரூபாய் லாபத்துக்குச் சேலை விற்கிறவர் அப்படி ஒன்று திரும்பினால் அடுத்த இரண்டு மூன்று சேலையின் லாபத்தை அதில் போட வேண்டியிருக்கும். ஆகவே பணம் முதலில். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், ஊர் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல், பணத்தை முதலில் அனுப்பச் சொல்லி ஒருவரைச் சம்மதிக்க வைப்பதுதான் இந்த வியாபாரத்தின் முழு வேலையும். சேலை விற்பது அதில் ஒரு சிறு பகுதி.

அந்தச் சம்மதிக்க வைக்கும் வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை விசைத்தறிச் சேலைக்குப் பெயர்போன ஊர். எளம்பிள்ளை என்றுதான் வியாபாரத்தில் சொல்வார்கள். அங்கே தறி வைத்திருப்பவரிடமிருந்தோ மொத்த வியாபாரியிடமிருந்தோ காலையில் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழும். ‘சிங்கிள் அவைலபிள்’, ‘ரீசெல்லர்ஸ் வெல்கம்’, விலை. குழுவில் இருக்கும் பெண் அந்த விலையோடு ஐம்பதோ நூறோ சேர்த்துத் தன் ஸ்டேட்டஸிலும் பேஜிலும் போடுவார். அவர் குழுவில் இருப்பவர்களிலும் சிலர் ரீசெல்லர்கள். அவர்கள் இன்னொரு முப்பது சேர்ப்பார்கள். ஆர்டர் வந்தால் வாங்குபவரின் முகவரி மேலே போகும், சேலை தறிக்காரரிடமிருந்து நேரே கிளம்பும், அனுப்புநர் இடத்தில் மட்டும் ரீசெல்லரின் பெயர் இருக்கும். தன் பெயரில் போகும் சேலையை அவர் கையால் தொட்டிருக்க மாட்டார். முந்தானையில் ஒரு இழை இழுத்திருந்தால் திட்டு வாங்குவது அவர்தான்.

மத்தியானம் ஒரு மணி, மூன்று மணி, இரவு பதினொன்று. கேள்விகளுக்கு நேரம் கிடையாது. “கலர் இதே மாதிரி இருக்குமா சிஸ்?” “பிளவுஸ் அட்டாச்டா?” “லைட்ல எடுத்த போட்டோவா, வெயில்ல எடுத்ததா?” ஒவ்வொன்றுக்கும் வாய்ஸ் மெசேஜ். எழுத்தில் பதில் போட்டால் ஆர்டர் பாதிதான் வரும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். குரல் கேட்டால்தான், அந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு வீட்டுப் பெண் இருக்கிறாள் என்று நம்பிக்கை வரும். பின்னால் குக்கர் விசில் கேட்டால் இன்னும் நல்லது. ரீல்ஸில் முகம் காட்ட வீட்டில் விடமாட்டார்கள், அல்லது அவருக்கே விருப்பமிருக்காது. இரண்டு கைகள் மட்டும் சேலையை விரித்து மடிக்கும், குரல் பேசும். அந்தக் கைகளையும் குரலையும் நம்பித்தான் எங்கோ ஒருவர் எழுநூற்று ஐம்பது ரூபாய் அனுப்புகிறார்.

நம்பிக்கை இரண்டு பக்கமும் வேண்டும். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வரும். அது போலியாக இருக்கலாம், பேங்க் மெசேஜ் வருகிறவரை பார்சல் போடக் கூடாது என்பது முதல் பாடம். அடுத்தது ஓப்பனிங் வீடியோ. பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தாமல், வெட்டாமல் கடைசிவரை எடுத்திருந்தால்தான் சேதத்துக்கு மாற்றுச் சேலை. ‘ஓப்பனிங் வீடியோ மஸ்ட், இல்லாவிட்டால் ரிட்டர்ன் கிடையாது.’ தபால்காரர் வாசலில் நின்று சாட்சியாக இருந்த காலம் போய், வாங்குபவர் தன் வீட்டுக் கூடத்தில் தன்மீதே கேமராவை வைத்துச் சாட்சியம் தயாரிக்கிறார். சிஸ் என்றும் அக்கா என்றும் கூப்பிட்டுக்கொள்கிற இருவருக்குள் இப்படியொரு நீதிமன்றம்.

உணவுப் பொருளில் இது இன்னும் கடினம். திருச்செந்தூர்ப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் எட்டுப் பத்து லிட்டரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் விற்பதெல்லாம் சேர்த்துவைத்தது. மழைக்காலத்தில் கருப்பட்டி இளகிக் கசியும். தாளில் சுற்றி, கவரில் போட்டு, டேப் ஒட்டி அனுப்பினாலும் பார்சல் ஓரம் ஈரமாகிப் போய்ச் சேரும். நல்ல கருப்பட்டிக்குத்தான் இந்த வில்லங்கம். வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து வார்த்தது அட்டகாசமாகப் போய் இறங்கும், பார்க்கவும் பளபளவென்று இருக்கும், விலையும் குறைவு. வாங்குபவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை எடுப்பார்?

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் வாங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் கண்டாங்கிச் சேலையும் 2019இல். நடுவில் நிற்பதற்கு அரசு வைத்த ஆள் என்று இந்தக் குறியீட்டைச் சொல்லலாம். சட்டப்படி அந்தப் பெயரைப் போட்டு விற்கப் பதிவுபெற்ற பயனராக இருக்க வேண்டும். இணையத்தில் பெயர் போடுவதை யார் போய்த் தடுப்பது? பனைமரமே இல்லாத ஊரிலிருந்தும் ‘ஒரிஜினல் உடன்குடி’ போகிறது. அதனால் நிஜமாகக் காய்ச்சுகிற வீட்டுக்காரர் அடுப்பையும் தாச்சியையும் புகையையும் வீடியோ எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. காய்ச்சுவது ஒரு வேலை, காய்ச்சுவதைக் காட்டுவது இன்னொரு வேலை.

இந்தக் காட்டும் வேலையை மட்டுமே தொழிலாக்கிக்கொண்டு பெரிதாக வென்றவர்களும் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018இல் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழ் யூடியூபில் அந்த எண்ணை முதலில் தொட்டவர்கள் அவர்கள்தான். ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தத் தொழிலில் பார்சல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வயலும் பாத்திரமும் படமாகப் போய்விடுகின்றன. உடைவதில்லை, இளகுவதில்லை, ரிட்டர்ன் வருவதில்லை. கிராமம் பொருளாக வெளியேறுவதைவிடக் காட்சியாக வெளியேறுவது மலிவு.

பொருளை அனுப்பியாக வேண்டியவர்களுக்கு மறுபடியும் தபாலாபீஸ். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தபாலாபீஸ்கள், பத்தில் ஒன்பது கிராமங்களில். தனியார் கூரியர் எட்டிப் பார்க்காத ஊருக்கும் பின்கோடு உண்டு. ஆனால் ஊர்க் கிளை அஞ்சலகம் நாளில் சில மணி நேரமே திறந்திருக்கும். பதினைந்து பார்சலைத் தூக்கிக்கொண்டு போனால் பக்கத்து டவுனுக்குப் போவதே மேல் என்றாகிறது. அங்கே 2021 மே மாதம் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து கைகொடுக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மூட்டையோடு டவுன் பஸ் ஏறி, பார்சல் போட்டு, டிராக்கிங் நம்பரை ஒவ்வொருவருக்கும் அனுப்பி, சாயங்காலச் சமையலுக்குள் திரும்புவது. அந்தப் பிங்க் பஸ்ஸை ஓசிப் பயணம் என்று கேலி பேசியவர்கள் அந்த மூட்டையைப் பார்த்ததில்லை போலும்.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கோவில்பட்டியிலிருந்து கோணங்கி நடத்திய ‘கல்குதிரை’ போன்ற இதழ்களெல்லாம் வீட்டிலிருந்து தபாலை நம்பி நடந்தவைதான். சந்தாவை முதலில் அனுப்பிவிட்டு இதழ் வருமா வராதா என்று காத்திருந்த அனுபவம் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் பலருக்கு இருக்கும். சிறு பதிப்பாளர்கள் நம்பியிருந்த பதிவுப் புத்தக அஞ்சல் சலுகையைத் தபால்துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டில் கரைந்தது. வேகம் கூடியிருக்கிறது, கட்டணமும் கூடியிருக்கிறது. இது முன்னேற்றமாகத் தோன்றலாம். ஐம்பது ரூபாய்க் கவிதைத் தொகுப்பை அனுப்புகிறவருக்கு அப்படித் தோன்றாது.

சட்டத்தின் வரைபடம் இன்னொரு வேடிக்கை. செங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் முறுக்கு சுட்டு விற்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இவ்வளவு சிறிய வியாபாரத்துக்குப் பதிவு செய்தால் போதும், அதைச் செய்துவிட்டார். சென்னைக்கு அறுநூறு கிலோமீட்டர். அங்கே அனுப்ப ஜிஎஸ்டி எண் தேவையில்லை, விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை. பெரிய தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் 1 முதல் அந்தச் சலுகை வந்துவிட்டது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூருக்கு, ரயிலில் கண்ணயர்ந்து விழிப்பதற்குள் வந்துவிடும் ஊருக்கு, ஒரே ஒரு பாக்கெட் முறுக்கு விற்றாலும் அது மாநிலம் தாண்டிய வியாபாரம். முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு, முறுக்குக்குக் கிடையாது. போனில் ஆர்டர் கொடுப்பவர் எல்லையிலிருக்கும் ஆரியங்காவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துக்கொண்டா விற்பார்கள்? பார்க்காமல்தான் விற்கிறார்கள்.

இதில் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகள் யுபிஐ அட்டையை எடுத்துவிட்டு ‘கேஷ் மட்டும்’ என்று எழுதி வைத்தன. அந்தச் செய்தி ரீசெல்லர் குழுக்களில் வேகமாகச் சுற்றியதில் வியப்பில்லை. ஒரு ரீசெல்லருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து சேலை, சேலை ஒன்று 800 ரூபாய் என்று கணக்குப் போடலாம். மாதம் 3 லட்சத்து 60 ஆயிரம், ஆண்டுக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் அவர் கணக்கில் வந்து போகும். சேலைக்கு 60 ரூபாய் லாபம் என்றால் ஆண்டு முழுவதும் அவர் கையில் நிற்பது 3 லட்சத்து 24 ஆயிரம். பேங்க் ஸ்டேட்மெண்டைப் பார்க்கிறவருக்கு அவர் அரைக்கோடி வியாபாரி. வீட்டில் இருப்பவர்களுக்கு, போனை நோண்டிக்கொண்டு கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவர். இரு தரப்புமே அவரைச் சரியாகப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கும் பல வீடுகளில் அவர் பெயரில் இருப்பதில்லை. ஜிபே நம்பர் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். பழைய காரணங்கள்: அவருக்குத் தனியாக வங்கிக் கணக்கு இருந்திருக்காது, கார்டு அவர் கையில் இருந்திருக்காது, தெரியாத ஆண்கள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்திருப்பார்கள். இரண்டாயிரம் வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறவர், மாதக் கடைசியில் எவ்வளவு வந்தது என்பதை இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

வீட்டிலிருந்தே வேலை என்பதில் வேலை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார், ஆண் 88 நிமிடம். அந்த 289 நிமிடத்துக்குள்ளேதான் வாய்ஸ் மெசேஜ் பதில்களும் பார்சல் ஒட்டுவதும் நடக்கின்றன. தோசைக்கல்லுக்கும் போனுக்கும் நடுவில் கழியும் நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கணக்கெடுப்பவர்தான் சொல்ல வேண்டும். நடுவில் நிற்கத் தபால்காரரும் இல்லை, அலிபேயும் இல்லை என்று மேலே சொன்ன இடத்தை நிரப்புவது இந்த நேரம்தான். அதற்கு யாரும் விலை போடாததால்தான் அறுபது ரூபாய் லாபம் லாபமாகத் தெரிகிறது. பதில் சொல்லும் நேரத்துக்கு ஊரக வேலைத் திட்டக் கூலியைப் போட்டுப் பார்த்தால்கூடப் பல பேஜ்கள் நஷ்டத்தில் நடப்பது தெரிய வரும்.

இருந்தும் அவர்கள் விடுவதில்லை. விடச் சொல்வதற்கும் யாருக்கும் வாய் வராது. வெயிலில் கூலிக்குப் போவதோ, ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் மில்லுக்குப் போவதோதான் பல ஊர்களில் மிச்சமிருக்கும் வழி. அதோடு ஒப்பிட்டால் இது கௌரவம். முன்பின் தெரியாத ஒருவர் தன் சொல்லை நம்பிப் பணம் அனுப்புகிறார் என்பதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அதைக் கைச்செலவுக் கணக்கில் அடக்க முடியாது.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு முந்தைய கணக்கெடுப்பில் உழைப்பவர்களை உழவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்வோர், மற்றவர் என்று நான்காகப் பிரித்தார்கள். வீட்டுத் தொழில் என்பதற்கு அதில் ஒரு வரையறை உண்டு: செய்து விற்றால் சேரும், வெறுமனே விற்றால் சேராது. அதன்படி கருப்பட்டி காய்ச்சுகிறவரும் ஓலைப்பெட்டி முடைகிறவரும் வீட்டுத் தொழிலில் வருவார்கள். நாளெல்லாம் பேசிப் பேசிச் சேலை விற்கிறவர், தன்னை உழைப்பவர் என்று சொல்லிக்கொண்டால், ‘மற்றவர்’ பட்டியலில் போவார். சொல்லிக்கொள்வாரா என்பது அடுத்த கேள்வி. பெண்களின் வேலை விட்டுப்போகிறது என்று 1991 கணக்கெடுப்பிலேயே கேள்வியைத் திருத்தி, குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார்கள். கேள்வியைத் திருத்தினார்கள், பதில் சொல்பவரைத் திருத்தவில்லை. கணக்கெடுக்க வரும் வாத்தியாருக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவது பெரும்பாலும் கணவரோ மாமனாரோதான். “உங்க மருமக என்ன வேலை பார்க்குது?” என்று கேட்டால், உள்ளே பார்சலுக்கு டேப் இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சார், வீட்லதான் இருக்கு” என்பார்கள்.